சூப்பர்சார்ஜர் காரில் இன்டர்கூலர் பம்புக்கான ஒயரிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி சூப்பர்சார்ஜர்; அழுத்தியதால் சூடான அந்தக் காற்றைக் குளிர்விப்பது இன்டர்கூலர். நீரால் குளிரும் இன்டர்கூலருக்கு மின்பம்பு இணைக்க முற்படும் எவரும் ஏறக்குறைய ஒரே ஐயங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்குத் தனித்தனியே பதில் சொல்லி அலுத்துப்போனதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை எழுதி இங்கே ஒரு வரிசையில் வைத்திருக்கிறேன். 12 வோல்ட் மின்னமைப்பும் எதிர்முனை எர்த்தும் (பேட்டரியின் எதிர்முனை காரின் பாடியோடு இணைந்திருப்பது) உள்ள கார்களை மட்டுமே இந்தப் பதில்கள் கருதுகின்றன. வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் எதிர்முனை ஒயரைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

இன்ஜினில் ஏற்கனவே ஒரு வாட்டர் பம்பு இருக்கிறதே, இதற்கென்று தனியாக ஒன்று எதற்கு?

காற்றை அழுத்தினால் அது சூடாகும். 30 டிகிரி செல்சியஸில் உள்ளே போகும் காற்றை, 60 விழுக்காடு திறனுள்ள ஒரு சூப்பர்சார்ஜர் 0.5 பார் பூஸ்ட் அளவுக்கு (அதாவது வெளிக்காற்றைவிட 0.5 பார் கூடுதல் அழுத்தத்துக்கு) அழுத்தினால், வெளியே வரும் காற்று 90 டிகிரியைத் தொட்டுவிடும். இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட்டின் வெப்பநிலையும் வழக்கமாக 85 முதல் 100 டிகிரி வரை இருப்பதால், அந்த நீரைக் கொண்டு இந்தக் காற்றைக் குளிர்விக்க வழியே இல்லை.

ஆகவே இன்டர்கூலருக்கென்று ஒரு தனிச் சுற்று அமைக்கப்படுகிறது. காரின் முன்புறத்தில் ஒரு சிறு ரேடியேட்டர், ஒரு நீர்த்தொட்டி, சூப்பர்சார்ஜருக்கு அடியிலோ பக்கத்திலோ இருக்கும் இன்டர்கூலர், இவற்றினூடே நீரைச் சுற்றவிடும் மின்பம்பு ஆகியவை அதில் அடங்கும். இந்தச் சுற்றின் நீர் வெளிக்காற்றின் வெப்பநிலையை ஒட்டியே இருக்க வேண்டும் என்பதுதான் முழு ஏற்பாட்டின் நோக்கம்.

என் காரில் சூப்பர்சார்ஜர் இருக்கிறது, ஆனால் அந்தப் பம்பையே காணோமே?

எல்லா சூப்பர்சார்ஜர் கார்களிலும் நீர்வழி இன்டர்கூலர் இருப்பதில்லை. சூப்பர்சார்ஜருடன் வந்த முதல் தலைமுறை மினி கூப்பர் எஸ் காரில் இன்ஜினுக்கு மேலே காற்றாலேயே குளிரும் இன்டர்கூலர் இருக்கிறது. அதில் பம்புக்கு வேலையே இல்லை. மாறாக 2003, 2004 ஆண்டுகளின் ஃபோர்டு மஸ்டாங் கோப்ரா, மெர்சிடிஸ் இ55 ஏஎம்ஜி போன்றவற்றில் நீர்வழி அமைப்பும் மின்பம்பும் ஆலையிலிருந்தே வந்தன. உங்கள் காரில் இன்ஜின் கூலன்ட் தொட்டியைத் தவிர இன்னொரு தொட்டியோ, சூப்பர்சார்ஜருக்குள் போய்த் திரும்பும் இரண்டு ஹோஸ்களோ உள்ளனவா என்று முதலில் பாருங்கள்.

இரண்டே ஒயர்தானே, இக்னிஷன் ஒயரோடு நேராகச் சேர்த்துவிட்டால் ஓடாதா?

ஓடும். ஓடுவதால்தான் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். சிறிய பம்புகள் 2 முதல் 5 ஆம்பியர் வரையும், பெரியவை 7 முதல் 10 ஆம்பியர் வரையும் மின்னோட்டம் எடுக்கும். தொடங்கும் கணத்தில் இதைப் போலச் சில மடங்கு எடுக்கும். இக்னிஷன் சுவிட்சிலிருந்து வரும் மெல்லிய ஒயரும் அதன் தொடுமுனைகளும் வேறு சுமைகளுக்காகக் கணக்கிடப்பட்டவை. அவற்றில் இதையும் ஏற்றினால் தொடுமுனைகள் நாளடைவில் கருகும், பம்புக்குப் போய்ச் சேரும் வோல்ட்டும் குறையும்.

பம்புக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கிப் பெரிய மின்னோட்டத்தை விடும் சுவிட்ச்) வழியாக நேராக வர வேண்டும். இக்னிஷன் ஒயர் அந்த ரிலேயை இயக்குவதோடு நின்றுவிட வேண்டும். ரிலேயை இயக்கும் காயில் (கம்பிச்சுருள்) எடுப்பது ஏறத்தாழ 0.15 ஆம்பியர்தான் என்பதால் அதற்கு எந்த மெல்லிய ஒயரும் தாங்கும்.

ரிலேயில் 30, 85, 86, 87 என்று எண்கள் போட்டிருக்கின்றன. எதில் எதைக் கொடுப்பது?

பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் ஒயர் 30-க்கு வர வேண்டும். 87-இலிருந்து பம்பின் நேர்முனைக்கு ஒயர் போக வேண்டும். இக்னிஷனிலிருந்து வரும் இயக்க ஒயர் 86-க்கு, எர்த் 85-க்கு. பம்பின் எதிர்முனை தனியாக எர்த்துக்குப் போகிறது. இணைப்பு இவ்வளவுதான்.

தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. ஐந்து முனை ரிலேயில் நடுவில் 87ஏ என்று ஒன்று இருக்கும். ரிலே இயங்காதபோது 30-உடன் சேர்ந்திருப்பது அதுதான். அதில் பம்பை மாட்டினால் சாவி போட்டதும் பம்பு நிற்கும், சாவியை எடுத்ததும் ஓடத் தொடங்கும். இரண்டாவது, சில ரிலேக்களின் காயிலுக்குக் குறுக்கே உள்ளேயே ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு) இருக்கும். அத்தகைய ரிலேயில் 85-ஐயும் 86-ஐயும் மாற்றிக் கொடுத்தால் அந்த டயோடு வழியே நேராக ஷார்ட் ஆகி, இக்னிஷன் ஒயரின் ஃபியூஸ் போய்விடும். ரிலேயின் மேல் அச்சிட்டிருக்கும் படத்தில் டயோடு குறி உள்ளதா என்று பார்த்துவிட்டு இணைப்பது நல்லது. ரிலேயைப் பொருத்தும்போது அதன் முனைகள் தரையை நோக்கி இருக்கட்டும். மேல்நோக்கி இருந்தால் அந்தக் குழிகளில் நீர் தங்கும்.

ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் போட வேண்டும்? எங்கே வைக்க வேண்டும்?

பம்பு தொடர்ந்து எடுக்கும் மின்னோட்டத்தைப் போல ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு கணக்கிட்டு, அதற்கு அடுத்துக் கிடைக்கும் அளவை எடுத்துக்கொள்ளலாம். 4 ஆம்பியர் பம்புக்கு 7.5 ஆம்பியர், 8 ஆம்பியர் பம்புக்கு 15 ஆம்பியர். ஃபியூஸ் காப்பது ஒயரை, பம்பை அன்று. ஆகவே போட்டிருக்கும் ஒயர் தாங்கக்கூடியதைவிட ஃபியூஸ் எந்நிலையிலும் பெரிதாக இருக்கக் கூடாது. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்பதற்காக அடுத்த அளவை மாட்டுபவர்கள் கோளாறை ஒயருக்கு மாற்றிவிடுகிறார்கள்.

பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையிலுள்ள ஒயருக்குப் பாதுகாப்பே கிடையாது. அந்த நீளம் ஏதாவது ஒரு தகட்டில் உரசி எர்த் ஆனால் தீப்பிடிக்கும் வரை அதைத் தடுக்க எதுவும் இல்லை.

எவ்வளவு தடிமனான ஒயர் தேவை?

ஒயர் சூடாகாமல் இருந்தால் போதும் என்று நினைப்பது இங்கே பொருந்தாது. சூடாகும் நிலைக்கு வெகுமுன்னரே அது வோல்ட்டைத் தின்னத் தொடங்கிவிடும். காரில் பயன்படும் பல்லிழைச் செம்பு ஒயரின் மின்தடை, 1.5 சதுர மில்லிமீட்டர் அளவில் மீட்டருக்கு ஏறத்தாழ 13 மில்லி ஓம், 2.5-இல் 8 மில்லி ஓம், 4-இல் 5 மில்லி ஓம். பேட்டரி டிக்கியில் இருக்கும் ஒரு காரில் பம்பு முன் பம்பருக்குப் பின்னால் இருப்பதாகவும், போக 5 மீட்டர், வர 5 மீட்டர் ஒயர் ஓடுவதாகவும், பம்பு 8 ஆம்பியர் எடுப்பதாகவும் வைத்துக்கொள்வோம். 1.5 ஒயரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் இழப்பு. 2.5-இல் 0.64 வோல்ட். 4-இல் 0.4 வோல்ட். பேட்டரியும் பம்பும் முன்புறத்திலேயே இருந்து, போக 2 மீட்டர், வர 2 மீட்டர் என்றால் 2.5 ஒயரிலேயே கால் வோல்ட்டோடு முடிந்துவிடும்.

ஒரு வோல்ட்டுக்கு இத்தனை கணக்கா என்று கேட்பவர்கள் உண்டு. சாதாரண பிரஷ் மோட்டாரின் வேகம் ஏறத்தாழ வோல்ட்டைப் பொறுத்தே அமைகிறது. சுழல் விசைப் பம்பில் வேகம் 10 விழுக்காடு குறைந்தால் நீரோட்டம் 10 விழுக்காடும், நீரைத் தள்ளும் அழுத்தம் 19 விழுக்காடும் குறையும். குறுகலான இன்டர்கூலர் வழியாகவும் நீண்ட ஹோஸ்கள் வழியாகவும் நீரைத் தள்ள வேண்டிய இடத்தில் அந்த அழுத்தம்தான் முக்கியம். கூடுதல் விலை கொடுத்துப் பெரிய பம்பு வாங்கிவிட்டு மெல்லிய ஒயரில் அதை மாட்டுபவர், வாங்கிய வித்தியாசத்தை ஒயரிலேயே இழந்துவிடுகிறார். ஃபியூஸ், ரிலே, ஒயர், எர்த் எல்லாம் சேர்ந்து மொத்த இழப்பு அரை வோல்ட்டுக்குள் இருக்குமாறு பார்த்துக்கொள்வது என் வழக்கம்.

செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயரும் கடைகளில் செம்பு ஒயரைப் போலவே தோற்றமளிக்கும். அதே தடிமனில் அதன் மின்தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. முனையைச் சுரண்டிப் பார்த்தால் வெள்ளை நிறம் தெரியும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

எர்த்தைப் பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு போல்ட்டில் கொடுத்தால் போதுமா?

பாடியோடு பற்றவைக்கப்பட்ட தகடாக இருந்து, பெயின்டைச் சுரண்டி வெறும் உலோகத்தில் வளைய முனையை இறுக்கினால் போதும். பம்பர் தாங்கி, ரேடியேட்டர் தாங்கி போன்றவை ரப்பர் புஷ்ஷின் மேலோ, பெயின்ட் பூசிய போல்ட்டுகளின் மேலோ நிற்கலாம். அவற்றை நம்ப வேண்டாம். இறுக்கிய பின் அந்த இடத்தில் கிரீஸோ பெயின்டோ பூசினால் துரு வராது. முந்தைய பதிலில் 'வர' என்று கணக்கிட்ட ஒயரின் நீளம், நல்ல எர்த் பக்கத்திலேயே கிடைத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

ரிலேயை இயக்கும் அந்த 86 ஒயரை எங்கிருந்து எடுப்பது?

சாவி போட்டால் வோல்ட் வந்து, எடுத்தால் நிற்கும் ஒரு சுற்று வேண்டும். ஃபியூஸ் பெட்டியில் இக்னிஷன் நிலையில் உயிர் பெறும் ஒரு ஃபியூஸ் இடத்தில், இரண்டு ஃபியூஸ் கொள்ளும் சிறு ஹோல்டரைச் செருகி எடுப்பது எளிது. ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் கணினி ஆகியவற்றின் ஃபியூஸ்களில் கை வைக்கக் கூடாது. ரேடியோ மட்டும் ஓடும் துணைநிலைச் சுற்றும் ஏற்றதன்று: இன்ஜினை இயக்காமல் பாட்டுக் கேட்கும் நேரமெல்லாம் பம்பும் ஓடிக்கொண்டிருக்கும்.

பெட்ரோல் பம்பின் ஒயரிலிருந்து எடுக்கலாம் என்று பலர் சொல்வது பழைய கார்களுக்குச் சரியான யோசனை. சாவி போட்டதும் சில விநாடிகள் ஓடி நின்று, இன்ஜின் ஓடும்போது மட்டும் அது தொடரும் என்பதால் பேட்டரி வீணாகாது. புதிய கார்கள் பலவற்றில் பெட்ரோல் பம்பின் வேகத்தை ஒரு தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி துடிப்பு மின்சாரத்தால் (வேகமாக விட்டுவிட்டு வரும் மின்சாரத்தால்) மாற்றிக்கொண்டிருக்கும். அந்த ஒயரில் ரிலேயைக் கொடுத்தால் அது படபடவென்று அடித்துக்கொள்ளும்.

பூஸ்ட் வரும்போது மட்டும் பம்பு ஓடினால் போதாதா? ஒரு பிரஷர் சுவிட்ச் வைத்துவிடலாமே?

எளிய கணக்கு ஒன்று. சுற்றில் 5 லிட்டர் நீர் இருந்து, பம்பு நிமிடத்துக்கு 15 லிட்டர் தள்ளினால், நீர் ஒரு முறை சுற்றிவர 20 விநாடி ஆகும். முழு ஆக்ஸிலரேட்டரில் ஓடும் நேரமோ பெரும்பாலும் 10 விநாடிக்கும் குறைவு. பூஸ்ட் தொடங்கும்போது இன்டர்கூலருக்குள் எந்த நீர் நிற்கிறதோ, ஏறத்தாழ அதை வைத்துத்தான் அந்த ஓட்டம் முழுவதையும் சமாளிக்க வேண்டியிருக்கும். பம்பு நின்றிருந்தால் அந்த நீர் இன்ஜின் சூட்டில் ஊறிக் கிடந்த நீர்.

ஆலையிலிருந்து வந்த சில கார்களில் வெப்பநிலையைப் பார்த்து இன்ஜின் கணினி பம்பை இயக்கி நிறுத்துவது உண்மைதான். அது சூட்டைப் பார்த்துச் செய்யும் முடிவு. பூஸ்ட் சுவிட்ச் பார்ப்பது சூடு ஏறத் தொடங்கிவிட்ட பிறகான நிலையை. இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் பம்பும் ஓடட்டும்.

வண்டியை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் நல்லதா? பேட்டரி இறங்கிவிடாதா?

5 ஆம்பியர் பம்பு 10 நிமிடம் ஓடினால் 0.83 ஆம்பியர்-மணிதான் செலவு. நல்ல நிலையிலுள்ள 60 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது பொருட்டன்று. மறந்து இரவு முழுவதும் ஓடவிட்டால் 10 மணி நேரத்தில் 50 ஆம்பியர்-மணி போய்விடும். காலையில் வண்டி கிளம்பாது. ஆகவே செய்வதானால், இக்னிஷன் நின்ற பின் குறித்த நேரத்தில் தானே அணையும் டைமர் ரிலேயைக் கொண்டு செய்ய வேண்டும்.

நின்றிருக்கும் காரில் முன் ரேடியேட்டர் மேல் காற்று படாது. ஃபேன் ஓடாவிட்டால் பம்பு சூட்டைச் சுற்றில் பரப்புமே தவிர வெளியேற்றாது. பந்தயத்தில் ஓட்டத்துக்கு ஓட்டம் இடைவெளியில் காத்திருப்பவர்களுக்கும், தொட்டியில் பனிக்கட்டி போடுபவர்களுக்கும் இது பயன்படும். அன்றாடம் ஓட்டும் காருக்கு வேண்டியதில்லை என்பது என் கருத்து.

கையால் போடவும் ஒரு சுவிட்ச் வைத்தேன். சாவியை எடுத்த பிறகும் டாஷ்போர்டு விளக்குகள் அணையவில்லை, ஏன்?

பேட்டரியிலிருந்து வரும் சுவிட்ச் ஒயரையும் இக்னிஷன் ஒயரையும் 86-இல் ஒன்றாகச் சேர்த்திருப்பீர்கள். சுவிட்சைப் போட்டதும் பேட்டரி மின்சாரம் 86 வழியாகத் திரும்பி இக்னிஷன் சுற்றுக்குள் ஏறிவிடுகிறது. விளக்குகள் எரிவதோடு நின்றால் நல்லூழ். சில கார்களில் சாவியை எடுத்தும் இன்ஜின் நிற்காது, அல்லது அந்தச் சுற்றின் சுமை முழுவதும் உங்கள் சிறு சுவிட்சின் மேல் விழும்.

நடுவில் அணைந்திருந்து இருபுறமும் போடக்கூடிய மூன்று முனை சுவிட்ச் ஒன்று போதும். நடு முனையை 86-க்கும், ஒருபுறத்தை இக்னிஷன் ஒயருக்கும், மறுபுறத்தைச் சிறு ஃபியூஸ் வழியாகப் பேட்டரிக்கும் கொடுங்கள். இரண்டு மூலங்களும் ஒன்றையொன்று சந்திக்கவே வாய்ப்பில்லை. சுவிட்சை நடுவில் விட்டுவிட்டு ஓட்டினால் பம்பு ஓடாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

பிளஸ் மைனஸ் மாறிவிட்டது. ஆனாலும் பம்பு ஓடுகிறது, தொட்டியில் தண்ணீரும் அசைகிறது. அப்படியே விடலாமா?

கூடாது. பிரஷ் மோட்டார் பம்பு பின்பக்கமாகச் சுற்றினாலும், சுழல் விசைப் பம்பின் அமைப்பால் நீர் பெரும்பாலும் அதே திசையில்தான் போகும். அளவு மட்டும் வெகுவாகக் குறைந்துவிடும். சத்தமும் கேட்டு, நீரும் அசைவதால் இந்தத் தவறு மாதக்கணக்கில் கண்ணில் படாமல் இருக்கக்கூடும். பிரஷ் இல்லாத பம்பானால் உள்ளிருக்கும் மின்னணுச் சுற்றே எரிந்துபோகலாம்.

பெரிய பம்பு வாங்கியிருக்கிறேன். பழைய பம்பின் பிளக்கிலேயே மாட்டிவிடலாமா?

ஆலை ஒயர் பழைய பம்பின் மின்னோட்டத்துக்காகப் போடப்பட்டது; இழப்புக் கணக்கு மேலே இருக்கிறது. அந்தப் பிளக்கில் வரும் வோல்ட்டைப் புதிய ரிலேயின் 86, 85-க்குக் கொடுத்து, பம்புக்குப் பேட்டரியிலிருந்து புதிய ஒயர் இழுப்பது நல்ல வழி. பம்பை எப்போது ஓட்டுவது என்ற ஆலையின் முடிவும் அப்படியே நிலைக்கும். அந்தப் பிளக்கில் துடிப்பு மின்சாரம் வரும் கார்களில் இது ஆகாது. பம்பு எடுக்கும் மின்னோட்டத்தை இன்ஜின் கணினி கண்காணிக்கும் கார்களில், ரிலே காயிலின் சிறு மின்னோட்டத்தைப் பார்த்துப் பம்பு கழன்றுவிட்டதாகக் கருதிப் பிழைக்குறி காட்டவும் கூடும்.

இந்தப் பம்பில் மூன்று நான்கு ஒயர் வருகிறதே?

அது பிரஷ் இல்லாத, வேகம் மாற்றக்கூடிய பம்பு. இரண்டு தடித்த ஒயர்கள் மின்சாரத்துக்கு, மெல்லியவை கட்டளைக்கு. தடித்த ஒயர்களுக்கு இதுவரை சொன்ன ஃபியூஸ், ரிலே, ஒயர் அளவு எல்லாமே பொருந்தும். கட்டளை ஒயருக்கு எந்த வகைத் துடிப்பு, எந்த விகிதத்தில் என்பது பம்புக்குப் பம்பு மாறும். கட்டளை வராதபோது சில முழு வேகத்தில் ஓடும், சில ஓடவே ஓடாது. உங்கள் பம்பின் எண்ணுக்குரிய தகவல் தாளைப் பார்க்காமல் அந்த ஒயரில் 12 வோல்ட்டைக் கொடுத்துப் பரிசோதிக்காதீர்கள். வேகத்தைக் குறைப்பதற்காகத் தடித்த ஒயரில் துடிப்பு மின்சாரம் கொடுப்பதும் தவறு.

பம்பின் சத்தம் கேட்கிறது, ஆனாலும் இன்டேக் வெப்பநிலை ஏறிக்கொண்டே போகிறது. ஒயரிங் கோளாறா?

அளந்துதான் சொல்ல முடியும், அதுவும் பம்பு ஓடும்போதே அளக்க வேண்டும். ஒரு முறை பம்பின் பிளக்கைக் கழற்றி மீட்டரை வைத்து, 13.6 வோல்ட் வந்ததைப் பார்த்து ஒயரிங் நன்றாக இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். பம்பை மாட்டி அளந்தபோது 11 வோல்ட்கூட வரவில்லை. மின்னோட்டம் இல்லாத ஒயரில் இழப்பும் இல்லை என்ற பால பாடத்தை மறந்ததற்கு ஒரு நாள் வேலை வீணானது.

இன்ஜினும் பம்பும் ஓடும்போது, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நேர்முனையிலும் மறுமுனையைப் பம்பின் நேர்முனையிலும் வையுங்கள். காட்டும் வோல்ட்தான் நேர்ப்பக்க இழப்பு. அதேபோல் பம்பின் எதிர்முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்தால் எர்த் பக்க இழப்பு. எந்தப் பக்கம் பெரிதோ அந்தப் பக்கத்தை ஃபியூஸ் ஹோல்டர், ரிலே, இணைப்பு எனத் துண்டு துண்டாக அளந்துகொண்டே போனால் குற்றவாளி அகப்படும். பெரும்பாலும் அது சரியாக நசுக்கப்படாத ஒரு முனையாகவோ, பெயின்டின் மேல் இறுக்கிய எர்த்தாகவோ இருக்கிறது.

இழப்பு அரை வோல்ட்டுக்குள் இருந்தால், நேர்மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரால் பம்பின் ஆம்பியரைப் பாருங்கள். வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தால் பம்புக்குள் காற்று நிற்கிறது அல்லது ஹோஸ் எங்கோ மடிந்து அடைபட்டிருக்கிறது. நீரைத் தள்ளாத பம்புக்கு வேலை குறைவு. அதிகமாக இருந்தால் சுழலி இறுகுகிறது. இந்தப் பம்புகள் தாமாக நீரை உறிஞ்சிக்கொள்ளாது என்பதால் தொட்டியைவிடத் தாழ்வாகவே பொருத்தப்பட வேண்டும். நீர் நிரப்பி முடியும் வரை ஃபியூஸைக் கழற்றி வைப்பதும் நல்லது, வெறுமையாக ஓடினால் சீல் கெடும்.

ஒன்றுக்கு இரண்டு பம்பு போட்டால் ஒரே ரிலே போதுமா?

இயக்க ஒயர் ஒன்றாக இருக்கலாம். ஃபியூஸும் ரிலேயும் ஒவ்வொன்றுக்கும் தனியாக இருக்கட்டும். ஒன்று இறுகி ஃபியூஸைப் போக்கினாலும் மற்றது ஓடும்.

பம்பு நின்றுபோனால் எனக்கு எப்படித் தெரியும்?

87-இலிருந்து ஒரு சிறு எல்இடி விளக்கை டாஷ்போர்டுக்குக் கொண்டுவருபவர்கள் உண்டு. ரிலே வரை வோல்ட் வருகிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. பம்பு எரிந்துபோயிருந்தாலும், ஒயர் அறுந்திருந்தாலும், நீரே இல்லாவிட்டாலும் எரிந்துகொண்டேயிருக்கும்.

இன்டர்கூலரிலிருந்து வெளியே வரும் ஹோஸில் ஒரு வெப்பநிலை உணரியைப் பொருத்தி, அதன் அளவைக் கண்ணில் படும் இடத்தில் வைப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். நீர் இன்டர்கூலரைக் கடந்து ஓடும்போது அந்த அளவு பூஸ்டில் சற்று ஏறி, மெதுவாக ஓட்டும்போது சில நிமிடங்களில் இறங்கிவிடும். ஓட்டம் நின்றால் அந்த ஏற்ற இறக்கமே காணாமல் போய், உணரி தன்னைச் சுற்றியுள்ள இன்ஜின் அறையின் சூட்டை மட்டும் காட்டும்; அப்போது இன்டேக் வெப்பநிலை ஏறி இறங்காமல் நிற்பதையும், இன்ஜின் கணினி இக்னிஷன் டைமிங்கை (எரிபொருளைப் பற்றவைக்கும் நேரத்தை) பின்னுக்குத் தள்ளுவதால் வண்டி மந்தமாவதையும் காணலாம். வண்டி எவ்விதக் கோளாறுமின்றி ஓடும் நாளிலேயே இந்த அளவுகளை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டால், பின்னர் ஒப்பிட அது ஒன்றே போதும்.